எதிர்ச்சுவர் ரோஸ்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. உன் நலத்தைப் போனிலேயே பார்த்துவிடுகிறேன், கன்னம் உப்பி நன்றாகத்தான் இருக்கிறாய். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வந்த கையை மட்டும் கொஞ்சம் பிடித்துவைத்திருக்கிறேன், காரணம் கீழே வருகிறது. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது, அப்பாவின் காது வீடு முழுக்க இருக்கிறது. அதனால் கடையில், துணி வெட்டும் மேசைமேல் வைத்து எழுதுகிறேன், முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார்.

மாடி வீட்டம்மா புதுப் பல் செட் கட்டிக்கொண்டாள், துக்கம் கேட்கப் போன இடத்திலும் சிரித்துவிட்டு வந்தாளாம். அவளைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. முன் அறைக்கு நான் பெயின்ட் அடித்தது உனக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் அடித்தேன். போனில் நீ பார்ப்பது அப்பாவுக்குப் பின்னால் இருக்கும் பழைய பச்சைச் சுவர். நான் அடித்தது அவருக்கு எதிரே, ஜன்னல் வெயில் விழுந்து அவர் முகத்துக்குத் திரும்புகிற சுவர். இளம் ரோஸ், ஒரு சொட்டு மஞ்சள் கலந்தது. பெயின்டர் நீட்டிய மூன்று கலர் அட்டையையும் அப்பாவின் மோவாய்க்குக் கீழே பிடித்துப் பார்த்துத்தான் எடுத்தேன். என்னங்கம்மா, பெயின்ட் செவுத்துக்கா சாருக்கா என்றார் அந்த ஆள். சாருக்குத்தான் என்று நான் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகக் கடையில் எனக்குத் தெரிந்த வித்தை இது ஒன்றுதான். வெளிறிய முகத்தோடு யார் வந்தாலும் இந்த நிறத் துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்துவேன், முகத்தில் ரத்தம் ஊறின மாதிரி இருக்கும், நம்பி வாங்கிப் போவார்கள். அதைப் பெற்ற பிள்ளையிடமே காட்டிவிட்டேன். நான்கு மாதமாக அப்பாவுக்குக் குடலில் ஒரு கட்டி, உள்ளேயே ரத்தம் கசிகிறது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் விட்டுவைக்கக் கூடாது, ஆபரேஷன் பண்ண வேண்டும் என்றார் டாக்டர். அப்போது நீ புது வேலையில் சேர்ந்து மூன்று வாரம். அவருடைய வெளிறின முகத்தைப் பார்த்தால் போட்டது போட்டபடி ஓடி வருவாய், எல்லாம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், என் புத்திசாலித்தனத்தில் தீயை வைக்க.

பெயின்ட் காய்ந்த மறுநாள் காலை நீ, அப்பா ஆளே தெளிஞ்சுட்டீங்களே என்றாய். ஊருக்கு வர எடுத்திருந்த லீவையும் அந்த வாரமே ரத்து செய்துவிட்டு, அடுத்த வருஷம் வரேம்மா என்றாய். நானும் சரி கண்ணா என்றேன். அதோடு போனதா என்றால், உன் அப்பாவும் நம்பிவிட்டார். பையனே சொல்லிட்டான், அப்புறம் எதுக்குக் கத்தி என்கிறார். சவரக் கண்ணாடியைக் குளியலறையிலிருந்து கழற்றி ரோஸ் சுவரில் மாட்டிக்கொண்டு தினமும் கன்னத்தைத் தட்டிப் பார்க்கிறார். ஆபரேஷனுக்கு இரண்டு தேதி குறித்து இரண்டுக்கும் போகவில்லை. நேற்று மாடிப்படியில் நாலாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டுச் செருப்பு வார் அறுந்துடுச்சு என்றார். செருப்பு போன வாரம் வாங்கினது, வார் அப்படியே இருந்தது. எல்லாம் அந்தச் சுவர் செய்யும் வேலை என்று உண்மையைச் சொன்னேன், உனக்குப் பொறாமைடி என்றார். வெள்ளை அடித்துவிடலாம் என்று பெயின்டரைக் கூப்பிட்டால், இந்த வீட்ல எனக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான் என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

இதோடு ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். தெருவில், வெறும் வெளிச்சத்தில், அவருக்குத் தெரியாமல் ஸ்டுடியோப் பையனை விட்டு எடுத்தது. உட்கார்ந்துகொண்டு பார். திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு, நேரில் வந்து திட்டு. ஆபரேஷனுக்கு மூன்றாவதாகக் குறித்திருக்கும் தேதி வருகிற இருபத்தாறு, வியாழக்கிழமை. அவர் உன் கண்ணைத்தான் நம்புகிறார்.

நீ நீண்ட ஆயுளோடும் குறையாத உடம்போடும் இருக்க வேண்டும், தப்பு செய்தவள் வாழ்த்தும் பலிக்கும் என்று நினைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே, வந்ததும் அவரை வாசலுக்கு வெளியே அழைத்துக்கொண்டுபோய்ப் பார், அந்த அறையில் வைத்துப் பார்க்காதே. காலையில் அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, பெயின்ட் அடிக்க வைத்த எனக்கே சில நாள் அவருக்கு நன்றாகிவிட்டாற்போல இருக்கிறது.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசினாலும் உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா