உன் மாமா திரும்பி வந்த வழி

அன்பு மகன் பெரியவனுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் என் முதல் வேண்டுதல். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு உனக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டார், பார்வை சரியாகத்தான் வந்திருக்கிறது என்று டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். சொட்டு மருந்து விட மட்டும் குழந்தை மாதிரி அடம் பிடிக்கிறார். மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று, இந்த மழைக்குத் தாங்குகிறது.

போன வாரம் போனில் நீ கோபமாகப் பேசிவிட்டு வைத்துவிட்டாய். அத்தையைக் கொன்றவனுக்கு மாமா வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தாராமே, அவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கேட்டாய். யாரோ உனக்குப் பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள், மீதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அத்தை போன பிறகு என் தம்பி எப்படி இருந்தான் என்று நீ கிட்ட இருந்து பார்க்கவில்லை. அவள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும்போது அந்த லாரி சிக்னலில் நிற்காமல் வந்து மோதியது, டிரைவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தார் என்று கோர்ட்டில் அவரே ஒத்துக்கொண்டார், தண்டனையும் அனுபவித்தார், அது வரைக்கும் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் சபையே கூடி ஜெபித்தது, இருந்தும் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தவன், இனி நான் அவரோடு பேசுவதில்லை என்றான். எவரோடு என்று நாங்கள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினான். நம் வீட்டுக்கு வந்திருக்கும்போது ஜெபத்துக்கு உட்கார்ந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்ப்பான். அந்தக் காலத்தில் நம் வீட்டுப் பாத்திரங்கள் பளபளத்ததுபோல் வேறெப்போதும் பளபளத்ததில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அவன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். தையல் ஆலையில் வேலை பார்ப்பவள், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. நான் அந்த லாரிக்காரரோட சம்சாரம் என்று சொல்லியிருக்கிறாள். லைசென்ஸ் மறுபடி எடுக்கலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டதாம், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்குகிறதாம், மற்ற ஸ்கூல்களில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். “வேற தொழில் தெரியாது சார் அவருக்கு. நீங்க ஒரு வார்த்தை ஓட்டுன்னு சொன்னாதான் கை நடுக்கம் நிக்கும்னு சொல்றாரு” என்றாளாம். உன் மாமா எழுந்து கதவைத் திறந்துவிட்டு, “நீங்க போங்கம்மா” என்றான். அவ்வளவுதான். அவளும் போய்விட்டாள்.

அன்றைக்கு நேராக இங்கே வந்தான். தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்க்கா, அவள் மறுபேச்சில்லாமல் போனதுதான் அறுக்கிறது என்றான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் பேசலைன்னு சொல்லிட்டேனே, அவர் மட்டும் எதுக்கு என்கிட்ட பேசுறாரு” என்றான். உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்று இயேசு சொன்னது, சின்ன வயதில் பரிசு வாங்க நாங்கள் இருவரும் மனப்பாடம் செய்த வசனம், அது அவனை விடாமல் துரத்தியிருக்கிறது. நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தேன், அப்பா கண்ணாலேயே அடக்கிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான்.

சில நாள் கழித்து விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டான். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையாம். இவனைக் கண்டதும் அந்த மனிதர் எழுந்து நின்றவர் உட்காரவே இல்லை, மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. இவனும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நாளைக் காலையில் வண்டி வரும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். எப்படியடா மனசு வந்தது என்று கேட்டேன். “மனசெல்லாம் வரலக்கா. சொல்லியிருக்காரு, செய்யணும். அவ்வளவுதான். மனசு வரட்டும்னு காத்திருந்தா நான் செத்த பிறகுதான் வரும்” என்றான். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் இத்தனை காலம் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல் என்று பாடம் நடத்தியிருக்கிறேன் பெரியவனே, அது இப்படி இருக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கிடங்குக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில்தான் ஆரம்பித்தார்கள். முதலில் வண்டியைக் கிளப்பவே இல்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார வைத்தான். ஏதோ கட்டளை போடுகிற மாதிரி கிளட்ச், கண்ணாடி, இடது பக்கம் என்று ஒற்றைச் சொல்லாகத்தான் பேசுவானாம், நீயும் கிடையாது நீங்களும் கிடையாது. எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்ததாக நினைத்துவிடாதே. ஒரு நாள் கியர் மாற்றிய கையைப் பார்த்ததும் இந்தக் கைதானே என்று தோன்றி, கதவைத் திறந்து இறங்கிவிடலாம் என்று இருந்ததாம். இறங்கவில்லை. “மூணாவது கியர்” என்று சொன்னேன்க்கா என்றான். 

கை நடுக்கம் குறைந்து வண்டி ரோட்டுக்கு வந்தது. ஊருக்குள் ஓட்டத் தெரிய வேண்டுமென்றால் அத்தை விழுந்த அந்தச் சிக்னலைக் கடந்துதானே ஆகவேண்டும். உன் மாமா அவள் போன நாளிலிருந்து அந்தப் பக்கமே போனதில்லை, சந்து சந்தாகச் சுற்றித்தான் ஸ்கூலுக்குப் போவான். சிக்னல் கண்ணுக்குத் தெரிந்ததும் அந்த மனிதர் ஓரமாக நிறுத்திவிட்டாராம். என்னால முடியாது சார் என்றாராம். இவன், “என்னாலயும் முடியாதுதான். சேர்ந்து போவோம். சொல்லிக்கொடுக்கிற வண்டி இது, எனக்கும் ஒரு பிரேக் இருக்கு, கால் அது மேலதான் இருக்கு. நீங்க ஓட்டுங்க” என்றானாம். நீங்க என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

பச்சை விழுந்து கடந்துவிட்டார்கள். கடந்ததும் அந்த மனிதர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதிருக்கிறார். உன் மாமாவுக்கு அழுகை வரவில்லையாம், ஆனால் அவனை அறியாமல் வாய் திறந்து ஆண்டவரே என்று வந்துவிட்டதாம். “கூப்பிட்டுட்டேன்க்கா. அதுக்கு மேல என்ன பேசுறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்” என்றான் என்னிடம். இதைச் சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனான், நான்தான் உட்காரடா என்று இழுத்து உட்கார வைத்தேன்.

அந்த மனிதர் இரண்டாம் முறை டெஸ்டில் தேறிவிட்டார், இப்போது ரொட்டிக் கம்பெனி வேனை ஓட்டுகிறார். இரண்டு பேரும் நண்பர்களாகிவிட்டார்கள் என்றெல்லாம் இல்லை, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட இன்னும் முடியவில்லை என்று உன் மாமாவே சொல்கிறான். நீ கோபப்பட்டதை மறைக்காமல் அவனிடம் சொன்னேன். “அவனைத் திட்டாதக்கா, அத்தை மேல அவனுக்கு அவ்வளவு பாசம்” என்றான். நீயும் ஜெபத்தை விட்டுவிட்டாய் என்று மருமகள் சொல்லாமலே எனக்குத் தெரியும். வா என்று உன்னை நான் இழுக்கப் போவதில்லை. திரும்புவது என்றால் அழுதுகொண்டே ஓடிவருவது என்றுதான் நான் நினைத்திருந்தேன், உன் மாமா மெல்ல, இரண்டாவது கியரில் வந்தான். அப்படியும் வரலாம் என்று உனக்குத் தெரிந்தால் போதும்.

போதகர் இந்தக் கதையைப் பிரசங்கத்தில் சொல்லட்டுமா என்று கேட்டார். எங்க அக்காகிட்ட சொன்னதே அதிகம் என்று மறுத்துவிட்டான். ஆனாலும் போன ஞாயிறு ஆலயத்தில், அவரவர் அனுபவத்தை எழுந்து சாட்சியாகச் சொல்லும் நேரத்தில் பின் வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன், அவன் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் பெரிதாக ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தோம். “நான் வந்துட்டேன்” என்றான், உட்கார்ந்துவிட்டான்.

குழந்தைக்கு என் முத்தம், மருமகளுக்கு அன்பு. கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா, தள்ளிப்போடாதே. மாமாவுக்கு ஒரு போன் போடு, நீயாக ஒன்றும் பேச வேண்டாம், எப்படி இருக்கீங்க என்று கேள், மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். நீ போகும்போதும் வரும்போதும் கர்த்தருடைய கரம் உன்மேல் இருக்கட்டும்.

உன்னை நினைத்து முழங்காலில் நிற்கும்,
அம்மா