பலகை வைத்த படுக்கை

மார்ச் 5
இவர் கப்பல் வேலையை விட்டு வந்து இரண்டு மாதம். ஒரு நாள்கூட ஒழுங்காகத் தூங்கவில்லை. கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். இத்தனை வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியது போதாதா? கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன்.

மார்ச் 7
ஒரு மாறுதலுக்காக வெளியூர் வந்திருக்கிறோம். மலைப்பக்கம் போகலாம் என்றேன். இவர் தேர்ந்தெடுத்தது ஒரு பழைய துறைமுக ஊரை! மொத்தமே ஒரு தெரு. இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் கேட்கும். எல்லாம் அந்தக் காலத்து மாலுமிகள் வீடு. கதவுக்கு மேல் அவரவர் போன கப்பலின் பெயர், வாசலில் படகு கட்டும் இரும்பு வளையம். கொள்ளை அழகு. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 8
துறையில் ஒரு பழைய பாய்மரக் கப்பலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் மாலுமிகளின் படுக்கைகள். அலமாரித் தட்டுபோல ஒடுக்கம், விளிம்பில் ஒரு பலகை. படுத்துப் பார்க்கலாம் என்றார் டிக்கெட் கொடுக்கும் அம்மா. இவர் படுத்தார். நான் மேல்தளத்தைச் சுற்றிவிட்டு வந்தால் — குறட்டை!

மூடும் நேரமாகியும் எழுப்ப மனசு வரவில்லை.

"பாவம், தூங்கட்டும்மா. நான் மேல ஜன்னலெல்லாம் சாத்திட்டு வர்றேன்" என்றார் அந்த அம்மா.

பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவ்வளவுதான், கடல் ஜெயிச்சிடுச்சு. என் பக்கத்துல வராத தூக்கம் அங்க வருதே—

மார்ச் 9
துறைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேவிட்டேன். "கடல்னா உங்களுக்கு அவ்ளோ பிடிக்குமா?"

"கடலா? பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சு."

"அப்புறம் எப்படி அங்க தூக்கம் வந்துச்சு?"

யோசித்தார். "ஒரு பக்கம் சுவரு, ஒரு பக்கம் பலகை. இடிச்சுக்கிட்டே படுத்துப் பழகிட்டேன். நம்ம கட்டில்ல எங்கயோ விழுந்துகிட்டே இருக்கற மாதிரி இருக்கு."

கைகால் நீட்டிப் படுக்கட்டும் என்று மைதானம்போல நான் வாங்கிய கட்டில்!

"முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"நீ ஆசையா வாங்கினது."

மக்கு மனுஷன்.

மார்ச் 10
வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலுக்குப் பலகை அடிக்கத் தச்சரைக் கூப்பிட்டேன், புதன்கிழமைதான் வருவாராம். நாளைக்கே பதில் சொல்ல வேண்டுமே! கட்டிலைச் சுவரோடு தள்ளிப் போட்டேன். அவர் உள்பக்கம். இந்தப் பக்கம் நானே ஒட்டிப் படுத்துக்கொள்ளப் போகிறேன். இந்த வயசில்.

மார்ச் 11
ஒன்பது மணிவரை தூங்கினார். காபி ஆறிப்போனது. எழுந்ததும் கம்பெனிக்கு அவரே போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு வலது கை மரத்துப்போய் எழுத்தெல்லாம் கோணல்மாணல்.

மார்ச் 13
தச்சர் அளவெடுக்க வந்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.