பின் சீட்டில் ஒரு சத்தம்

வியாழக்கிழமை

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாகக் கலந்த என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான், அண்ணி, யானை மூவரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் கண்ணும் எப்படி இருக்கிறீர்கள்? சொட்டு மருந்தை விட்ட கையோடு கண்ணைத் துடைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு. டாக்டர் மருந்து எழுதியது கண்ணுக்கு, கைக்குட்டைக்கு அல்ல.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் வண்டிப் பேச்சை எடுத்தாலே சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறீர்களே, அதற்குத்தான். என் அண்ணன் காலமான பிறகு நம்மோடு இருக்கிற அண்ணிக்கே அது விளங்கிவிட்டது. அவருக்குக் கண்ணில்தானே கோளாறு, காதுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. நேரே இருப்பது நன்றாகத் தெரிகிறது, பக்கவாட்டில் வருவதுதான் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேராகப் பிடித்துக்கொண்டு கடைசி வரை படியுங்கள்.

அங்கே கண்ணைச் சோதித்து, இனிமேல் பஸ் ஓட்டக் கூடாது என்று உங்களை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அன்று நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து வருகிறேன், அதற்குள் காரை விற்றுத் தள்ளிவிடு, ஓட்ட ஆளில்லாத வீட்டில் அது எதற்கு, ஷெட்டில் அது நிற்பதை நான் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துக் கோபம் வந்தது. ஓட்ட ஆளில்லாத வீடாம். இரண்டு பெண்கள் குடியிருக்கிற வீடு உங்கள் கணக்கில் ஆளில்லாத வீடு. அந்தக் கோபத்தோடுதான் நம் யானையின் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன்.

நீங்கள் சொல்லி அனுப்பிய புரோக்கர் வந்தார். யானையைச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், தூசியில் விரலால் கோடு போட்டார். உங்கள் பழைய முதலாளி ஆசையாக வாங்கி உங்களை ஓட்ட வைத்த கார் என்பதெல்லாம் பழைய கதை, இப்போது பிரித்து விற்றால்தான் காசு என்றார். "யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்னும்மா" என்று பழமொழி வேறு சொன்னார்.

"அப்படின்னா இருக்கட்டும்" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வீட்டுக்காரர் வந்து ஒருமுறை பார்க்கட்டும், அவர் வந்த மறுநாள் திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். ஆகவே, இன்னும் விற்கவில்லை. கோபப்படுவதாக இருந்தால் இப்போதே கோபப்பட்டு முடித்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் விசாரித்தேன். ஏசி அறையில் சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். பிறகு என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. அந்தப் பணத்தில் இன்னொரு கார் வாங்கலாம் போலிருந்தது. ஆறின காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன். அங்கே அது ஒன்றுதான் இலவசம்.

அப்புறம் என்ன, நாமே இறங்கிவிட்டோம். போன் வீடியோவில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே மாடல் காரைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறார். அவர் பேசுகிற பாஷை ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் கை செய்வது புரிகிறது. முகம் முழுக்கத் தாடி. அண்ணி அவரைத் தம்பி என்றே கூப்பிடுகிறார். "அம்மாடி, தம்பி திருகை இடப்பக்கம் திருப்புறான் பாரு, நீ வலப்பக்கம் திருப்புற" என்று கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எனக்கு மேஸ்திரி வேலை பார்க்கிறார். டார்ச் வெளிச்சம் மட்டும் எப்போதும் என் கண்ணில்தான் விழும்.

முதல் நாள் பேட்டரியையே காணோம். பானெட்டைத் திறந்து மூலைமுடுக்கெல்லாம் தேடினோம். யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அண்ணி தீர்மானித்து, எதிர் வீட்டுக்காரரைச் சந்தேகப்படவும் ஆரம்பித்துவிட்டார். கடைசியில் தாடித் தம்பி பின் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் சமர்த்தாக இருந்தது. எதிர் வீட்டுக்காரரைப் பார்த்து அண்ணி இப்போது வலியப் போய்ச் சிரிக்கிறார், அவருக்குக் காரணம் தெரியாது.

மேல்கூரைத் துணி தொங்கிப்போய்த் தலையில் இடித்துக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். துணி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இது என் சாம்ராஜ்யம் ஆயிற்றே. வளைந்த ஊசியால் ஓரம் முழுக்க அழகாகத் தைத்தேன். மறுநாள் பார்த்தால் நடுவில் கொசுவலை மாதிரி தொங்குகிறது. தையல்காரி புத்தி, எதைக் கண்டாலும் ஊசியைத்தான் தேடும். தைப்பதல்ல, ஒட்டுவது என்று பிறகுதான் தெரிந்தது. கூரைப் பலகையைக் கழற்றி, நானும் அண்ணியும் குறுகலான வாசலில் கட்டிலைத் திருப்புவதுபோல் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தோம். உள்ளே பழைய ஸ்பாஞ்சு மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. அதைச் சுரண்டி எடுத்து, புதுத் துணியை நீவி நீவி ஒட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. நீங்கள் உள்ளே படுத்து அண்ணாந்து பார்க்க வேண்டும், அத்தனை அழகு.

கதவுக்குள் விழுந்துவிட்ட கண்ணாடியை ஏற்றிவிட்டேன், பிளக்குகளை மாற்றினேன், ஆயிலும் பில்டரும் மாற்றினேன். கழற்றின திருகுகளை எல்லாம் என் பொத்தான் டப்பாவில் அறை அறையாகப் போட்டுவைத்தேன். எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு திருகு மிஞ்சியது. நாங்கள் வெலவெலத்துப் போய் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தோம். கடைசியில் அது அண்ணியின் மூக்குக் கண்ணாடித் திருகு.

இன்று மாலை வரை தோற்றுப்போனது ஒன்றில்தான். காலையில் ஷெட்டைத் திறந்தால் யானை பின்பக்கம் இடது காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த கார் அல்லவா, எங்கோ காற்றுப் போகிறது. ஸ்டார்ட் செய்தால் மெதுவாக எழுந்து நிற்கிறது, மறுநாள் மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. புதுப் பைக்கு ஒர்க்‌ஷாப்காரர்கள் சொன்ன விலையை எழுதினால் உங்கள் கண் இன்னும் மங்கிவிடும். நாளைக்கு வேறு ஒரு வழி பார்க்கப் போகிறேன். கை முழுக்க கிரீஸ், காகிதம் கறையாகிறது. இங்கே நிறுத்துகிறேன்.

சனிக்கிழமை

எழுந்துவிட்டது! எழுந்து நிற்கிறது! நேற்று மாலை நிறுத்தினேன், இன்று காலையில் போய்ப் பார்த்தால் நாலு காலும் ஒரே உயரம். அண்ணி ஸ்கேலை வைத்து அளந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அவரையும் கட்டிக்கொண்டிருப்பார், நடுவில் சுவர் இருந்தது.

செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்து (பயப்படாதீர்கள், முட்டு இல்லாமல் ஒருநாளும் அடியில் போகவில்லை) சோப்புத் தண்ணீரைத் தடவினேன். பையில் ஒன்றுமில்லை. காற்று வருகிற சின்னக் குழாய் வந்து சேருகிற இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. கழற்றிப் பார்த்தால் குழாயின் நுனி கோணலாக நைந்துபோயிருக்கிறது. பிளேடால் நேராக ஒரு வெட்டு வெட்டி, அழுத்திச் செருகினேன். துணியானாலும் குழாயானாலும் வெட்டு நேராக விழுந்தால் போதும். இத்தனை நாள் அந்தப் பையைத் திட்டிக்கொண்டிருந்தோமே, பாவம்.

இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். டெஸ்ட் எடுத்த அதிகாரி, யார் உங்களுக்குக் கண்ணாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தது, இவ்வளவு தரம் பார்க்கிறீர்களே என்று கேட்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று காலை யானையை முதல்முறையாகத் தெருவுக்குக் கொண்டுபோனேன். அண்ணி பின் சீட்டில் இஸ்திரி போட்ட புடவையும் கறுப்புக் கண்ணாடியுமாக. பெரிய ஆஸ்பத்திரி முன்னால் வேகத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான் செய்தேன். காவலாளி ஓடிவந்து கேட்டைத் திறந்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அத்தனை மரியாதை செய்தவரிடம் உள்ளே வேலை இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். வெளியே வரும்போதும் சல்யூட். அண்ணி தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணாடியைக் கழற்றவில்லை, அடுப்படியில் தடவிக்கொண்டிருக்கிறார்.

சிரித்து முடித்த பிறகு ஒரு நினைப்பு வந்தது. அந்தப் பின் சீட்டைப் பற்றி நீங்கள் எத்தனை கதை சொல்லியிருக்கிறீர்கள். பொத்தானை அழுத்தினால் சாயும், கால் வைக்கத் தனிப் பலகை, படிக்கத் தனி விளக்கு. தினமும் துடைத்தீர்கள். முதலாளிக்கும் அவர் வீட்டாருக்கும் ஓடிவந்து கதவு திறந்தீர்கள். முதலாளி காரை நமக்கே கொடுத்துவிட்ட பிறகும் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. ஒரே ஒரு நாளாவது பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா? நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை.

உட்காரச் சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் என்ன விருந்தாளியா, சும்மா உட்கார்ந்து வர என்பீர்கள். சும்மா இல்லை, வேலை இருக்கிறது.

யானையில் ஒரு சத்தம் பாக்கி இருக்கிறது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து டொக் என்று ஒன்று வருகிறது. ஓட்டுகிறவருக்கு அது பிடிபடாது. ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து காதைக் கொடுத்தால்தான் எங்கே என்று சொல்ல முடியும். பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் கண்டுபிடிப்பார்கள் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஏறின மாத்திரத்தில் எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிற காது உங்களுடையது. அதை எந்த டாக்டரும் குறை சொல்லவில்லையே. டிக்கியில் ஜாக்கியைச் சரியாகக் கட்டவில்லை, அதுதான் உருளுகிறது என்று அண்ணி சொல்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

ஆகவே, அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் ஆட்டோ, டாக்சி என்று எதையும் கை காட்டாதீர்கள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள். பக்கவாட்டில் வந்தால் உங்களுக்குத் தெரியாது, அதனால் நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறேன். பழக்கதோஷத்தில் முன் கதவுக்குப் போகக் கூடாது. இறங்கி வந்து பின் கதவை நான்தான் திறப்பேன்.

வீடு வந்து சேர்ந்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், திங்கட்கிழமை புரோக்கர் கையில் சாவியை நானே கொடுக்கிறேன். முகம் கோண மாட்டேன். ஆனால் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடிக்காமல் விற்க மாட்டேன். ஒரே நாளில் அகப்படாவிட்டால் மறுநாளும் போவோம், அதற்கு மறுநாளும் போவோம். உங்களுக்குப் போரடிக்கும்போது முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், அந்த சீட்டையும் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

கண்ணைக் கசக்காமல், பத்திரமாக வாருங்கள்.

வாசலில் காத்திருக்கும்,
உங்கள் டிரைவர்