பொறுக்கித் தள்ளிய பருப்பு

பாய்,

இன்று காலை தாராபுரத்திலிருந்து லோடு வந்தது. ஐப்பசி மழையில் நனைந்து, சரியாகக் காயாமல் கட்டிய நிலக்கடலைப் பருப்பு. முதல் மூட்டையின் வாயைப் பிரித்ததும் வாடை எழுந்தது. ஈரச் சாக்கும் பூட்டிக் கிடந்த அறையும் சேர்ந்த மாதிரி, மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் பூசண வாடை. "பாய், இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க" என்று பக்கத்துக் கடையைப் பார்த்துச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்துக் கடையில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

லோடைத் திருப்பி அனுப்பினேன். "ஏனுங்க, நாலு பருப்புல பச்சை பூத்திருந்தா மூட்டையே ஆகாதுங்களா?" என்று லாரிக்காரர் சத்தம் போட்டார். ஆகாது என்றேன். நீங்கள் போன பிறகு என் கடைக்கு வரும் சரக்கில் ஒரு கை எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். வாடையே வந்துவிட்டால் அந்தச் செலவும் தேவையில்லை. சந்தையில் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். வியாபாரிக்கு இதெல்லாம் உறைக்கக் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா!

நான் இந்தச் சந்தைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதில் பருப்பு கட்டிக்கொண்டுபோய் பலகாரக் கடைகளுக்குப் போடுவேன். நீங்கள் அப்போதே ஒரு கடையும், பின்னால் தகரக் கூரை போட்ட களமும் வைத்திருந்தீர்கள். முதல் நாள் என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாங்க மொதலாளி, வண்டிய எங்க நிறுத்தப்போறீங்க?" என்றீர்கள். களத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு லாரியே வாங்கிவிட்டேன், நீங்கள் கூப்பிட்டது மாறவில்லை. கேலியாகத் தொடங்கியது எப்போது மரியாதை ஆனது என்று இருவருக்குமே தெரியாது.

உங்கள் களத்தில் பருப்பு பொறுக்குவதைப் பார்ப்பதற்கென்றே நான் வந்து நிற்பேன். சுருங்கியது, கறுத்தது, உடைந்தது, பச்சைத் தூள் படிந்தது எல்லாம் ஒரு பக்கம் போகும். நல்லது மட்டும் மூட்டைக்குப் போகும். மற்றவர்கள் பொறுக்குவார்கள், பிறகு கழிவில் பாதியைக் கை கையாக அள்ளி நல்ல மூட்டைக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். எடை எடைதானே. நானும் ஒருதரம் உங்களிடம் கலக்கச் சொல்லிப் பார்த்தேன். "வாங்கறவன் கண்ண மூடிட்டு சாக்குக்குள்ள கைய உடோணுமுங்க. அப்புறம் நான் நிம்மதியாத் தூங்கோணும்" என்றீர்கள். கோயம்புத்தூர்ப் பலகாரக் கடைக்காரர்கள் உங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கியது அதனால்தான்.

ஆனால் கழிவைக் கொட்டவும் உங்களுக்கு மனம் வராது. "படைச்சவன் குடுத்த பருப்ப ரோட்டுல கொட்டறதுங்களா?" அது உங்கள் கோட்டைமேட்டு வீட்டுக்குப் போகும். உங்கள் வீட்டம்மா, எனக்கு அக்கா, அதைத் தேய்த்துக் கழுவி, மாடியில் காயவைத்து, வறுத்துச் சட்னி அரைப்பார், உருண்டை பிடிப்பார். மிச்சம் செக்குக்குப் போய் வீட்டு எண்ணெயாக வரும். நம் தொழிலில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் வீட்டில் இதுதான் வழக்கம். நல்லது ஊருக்கு, நின்றது வீட்டுக்கு. அதைச் சொல்லிக்கொள்வதில் நமக்கெல்லாம் ஒரு பெருமைகூட உண்டு.

ஒரு தீபாவளிக்கு அந்த உருண்டையில் ஒரு டப்பா என் வீட்டுக்கும் வந்தது. என் வீட்டுக்காரி ஒன்றைக் கடித்துவிட்டுத் துப்பினாள். "கசக்குதுங்க. உங்க பாய்க்கு நாக்கு செத்துப்போச்சாட்ட இருக்குது" என்றாள். மறுநாள் அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். "அம்மணிக்கு மொதலாளி ஊட்டு நாக்குங்க. நமக்கெல்லாம் கசப்புதான் பருப்போட ருசி" என்றீர்கள்.

பிறகு நீங்கள் மெலியத் தொடங்கினீர்கள். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு, நோன்பு நோற்ற உடம்பு என்றீர்கள். நோன்பு முடிந்து வெகு நாளாகியும் சதை திரும்பவில்லை. கண்ணில் மஞ்சள் ஏறியது. ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி என்ற செய்தி, நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்னால் சந்தைக்கு வந்துவிட்டது.

ஈரல் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம், குடி. டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். "பாய்க்கு ஈரல் போச்சாமா." "அடப் போங்க, அவரு அந்தப் பக்கமே போகமாட்டாரே." "வெளிய போகலீங்க. ஊட்டுக்குள்ள என்ன நடந்துச்சோ, யாரு கண்டா?" சொன்னவர் கண்ணைச் சிமிட்டினார். வேறு யாரைப் பற்றிச் சொன்னாலும் கெட்ட பேச்சுதான். அஞ்சு வேளையும் தொழுகிற உங்களைப் பற்றிச் சொன்னது உங்களைப் பிடித்துச் சேற்றில் தள்ளியதுபோல இருந்தது.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேராகக் களத்துக்கு வந்து கேட்டேன். "பாய், ஒளிச்சு கிளிச்சு ஊத்திக்கிறீங்களா?"

"எனக்கு இஞ்சி சோடா குடிச்சாலே தல சுத்துமுங்க மொதலாளி" என்றீர்கள். அவ்வளவுதான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த வாரமே ஷார்ஜாவிலிருந்து உங்கள் பையன் போன் செய்தான். ஒரே பையன். ஊரிலிருந்து யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கொஞ்ச நேரம் கேட்டீர்கள். போனை அணைக்காமலே சாக்கின் மேல் வைத்தீர்கள். "அத்தா... அத்தா..." என்று உள்ளே அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"குடிச்சீங்களான்னு கேக்கறானுங்க, எம்பையன்" என்றீர்கள். பிறகு, "உசுரு போறது போகட்டுமுங்க. அதுக்கு முன்னால இவன் ஒருத்தன் நம்போணும்" என்றீர்கள். வைத்தியத்தைப் பற்றியெல்லாம் எங்களுக்குப் பதற்றம். உங்களுக்கு அது ஒன்றுதான் கவலை.

அவன் லீவு போட்டு வந்தான். உங்கள் இருவரையும் நான்தான் வண்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தச் சின்ன வயது டாக்டரம்மா போன முறையே உங்கள் தொழிலைக் கேட்டு, வீட்டில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டிருந்தார். இந்த முறை வீட்டுப் பருப்பில் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லியிருந்தார். மேசைமேல் காகிதத்தைப் பிரித்ததும் உங்கள் பையன் முந்திக்கொண்டான். "டாக்டர், இது குடிச்சதால வந்ததுங்களா?"

உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சுவரில் இருந்த ஈரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடிச்சாலும் வரும், குடிக்காமலும் வரும். இவர் விஷயத்துல குடின்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல" என்றார் டாக்டர். பி வகைக் காமாலைக் கிருமி ஒன்று, அநேகமாகச் சின்ன வயதிலேயே தொற்றியது, உங்கள் ரத்தத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்ததாம். அதோடு இந்தப் பருப்பும் சேர்ந்திருக்கலாம் என்றார். "பூசணம் ஒரு விஷத்தை உண்டாக்குது. நீங்க தேய்ச்சுக் கழுவினது பூசணத்தைத்தான். விஷம் பருப்புக்குள்ள எறங்கியிருக்கும், வறுத்தாலும் முழுசாப் போகாது, செக்கு எண்ணெயிலயும் கொஞ்சம் வரும்."

எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். வயிற்றுக்குள் போவதையெல்லாம் ஈரல்தான் பொறுக்கிப் பார்க்கிறது. இந்த விஷத்தையும் கழித்து வெளியே தள்ளத்தான் அது பாடுபடுகிறது. ஆனால் அப்படிக் கழிப்பதற்காக ஈரல் அதை மாற்றும்போதுதான் அது இன்னும் பொல்லாததாகிறது. செல்லுக்குள் நுழைந்து மரபணுவில் ஒட்டிக்கொள்கிறது. எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று செல்லுக்குச் சொல்கிற எழுத்தெல்லாம் அங்கேதான் இருக்கிறதாம். பெரும்பாலும் உடம்பே அதைச் சரிசெய்துவிடுமாம். வருஷக்கணக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் எங்கோ ஓர் இடம் விட்டுப்போகும். நிறுத்தச் சொல்கிற எழுத்தே கெட்டுப்போன செல் பெருகிக்கொண்டே போகும். அந்தக் கிருமியும் இந்த விஷமும் ஒரே ஈரலில் சேர்ந்தால் கெடுதல் பல மடங்கு. "ஆனா இதனாலதான் வந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன்" என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "அப்ப நான் கலந்து வித்திருக்கோணுமுங்களா, அம்மணி?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் என் மனதிலும் அந்தக் கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் எவ்வளவு சுத்தமாகப் பொறுக்கினீர்களோ, அவ்வளவு விஷம் கழிவில் சேர்ந்திருக்கிறது. ஊருக்குப் போயிருக்க வேண்டியதையும் சேர்த்து ஒரே வீடு தின்றிருக்கிறது. கை கையாக அள்ளிக் கலந்தவன் நன்றாகத்தான் இருக்கிறான்.

டாக்டர் பேனாவை வைத்தார். "பொறுக்கினது சரிங்க பெரியவரே. தின்னதுதான் தப்பு. அதைக் கண்காணாமப் பொதைச்சிருக்கணும்" என்றார். பிறகு அக்காவுக்கும் பையனுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் அந்தக் கிருமி இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அக்காவின் சமையலறையிலிருந்த எண்ணெயும் பருப்பும் அன்றே போய்விட்டன.

அன்று டாக்டரிடமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். உக்கடம் சிக்னலில் நிற்கும்போதுதான் உங்கள் பையன் பின்சீட்டில் உடைந்தான். "அத்தா, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றான்.

"அழுவாத கண்ணு. ஊரே எம்முதுகுக்குப் பின்னால பேசுச்சு. நீயும் இந்த மொதலாளியும்தான் மூஞ்சியப் பாத்துக் கேட்டீங்க. கேட்டாத்தானே நான் இல்லைன்னு சொல்ல முடியும்?" என்றீர்கள். கண்ணாடியில் பார்த்தேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெளியே குளத்தைப் பார்த்தபடி வந்தீர்கள். சிக்னல் விழுந்தும் நான் வண்டியை எடுக்கவில்லை போலிருக்கிறது. பின்னாலிருந்த பஸ்காரன் என் பரம்பரையையே திட்டினான்.

அதற்குப் பிறகு உங்களுக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த நாளெல்லாம் பையன் பக்கத்தில் இருந்தான். உங்களை அடக்கம் செய்ய கபர்ஸ்தானுக்குச் சந்தையே வந்தது, கண் சிமிட்டியவர் உட்பட. அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஈரல், செல், பூசணம் எல்லாம் பாடம் எடுத்தேன். "எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்றார். "உங்க மூட்டையிலயும் கலக்கறீங்கல்ல, அதுக்குத்தானுங்க" என்றேன். இப்போது என் கழிவு குழிக்குத்தான் போகிறது. புண்ணாக்காக மாட்டுக்கும் கிடையாது, அந்த விஷம் பாலில் வந்துவிடும் என்கிறார்கள்.

உங்களுக்காகப் பேசிப் பேசி, குடிக்காத மனுஷனின் ஈரலுக்கு நான் வக்கீல் ஆகிவிட்டேன் பாய். போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கொப்பரை வியாபாரிக்கும் ஈரல் என்று கேள்விப்பட்டேன். சந்தையில் அதே சிரிப்பு, அதே சிமிட்டல். கொப்பரையிலும் பூசணம் பூக்குமே என்று வாதத்தையெல்லாம் தயார் செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்து, மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆமாங்க, குடிச்சேன். நெறையக் குடிச்சேன்" என்றார். கதவோரம் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "ஒருத்தரும் எங்கிட்ட கேக்கவே இல்லீங்க. டாக்டருக்குக்கூட வெக்கப்பட்டுட்டு இல்லைன்னு சொல்லிப்போட்டேன்."

கொண்டுபோன வாதம் எதுவும் அங்கே செல்லாது. எழுந்து வரவும் கால் வரவில்லை. அவருடைய வலியும் வலிதானே பாய். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவரை நம் டாக்டரம்மாவிடம் கூட்டிவந்தேன்.

குடிப்பீங்களா என்று டாக்டரம்மா கேட்டார். இந்த மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்திலிருந்த என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன். "நான் இங்கதான் இருக்கறேன்."