சயாமுக்குப் போனவரின் கோட்டு

1943, ஐப்பசி, வெள்ளி.

காலை மழையில் இன்றும் சாக்கைப் போர்த்திக்கொண்டுதான் மரவள்ளி நடப் போனேன். ஏழு மாத வயிற்றோடு நிற்கிறேன், பல் தந்தியடிக்கிறது. பெட்டியில் என் வீட்டுக்காரருடைய கம்பளிக் கோட்டு சும்மா கிடக்கிறது. கேட்டால் மாமியார், "ஜப்பான்காரனோட சயாம் ரயில் வேலைக்குப் போன புள்ள திரும்பி வந்தா எதப் போடுவான்?" என்கிறார்.

"வயித்துல இருக்கறதும் அவரு புள்ளதானே, அத்தே?"



வெள்ளிக்கிழமைதோறும் மாமியார் கோட்டை வெயிலில் போடுவார். இன்று மத்தியானம் கொடியில் போட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். மறுபடி பிடித்த மழையில் கோட்டு தொப்பலாக நனைந்துவிட்டது. வேலை முடிந்து நடுங்கிக்கொண்டே அடுப்படிக்கு வந்தேன்.

"தள்ளி உக்காரு புள்ள, அது காயட்டும்."

அடுப்புக்கு முன்னால், நான் உட்காரும் பலகையில், கோட்டு இரண்டு கையையும் விரித்துக் குளிர்காய்கிறது.