பிலோமினா டீச்சரின் முகம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அருளப்பு மாஸ்டர் இன்றைக்கும் வந்தார். இதோடு ஆறாம் தரம். கல்முனையில் வேறு பிரிண்ட் கடையே இல்லையா என்று கேட்க வாய் வரை வந்தது.

பதினைந்தாம் திகதி மாதா திருநாளுக்குக் கோயிலில் வைக்க, ஐந்நூறு வருசப் பழைய இத்தாலிப் படமொன்றைக் கன்வஸில் கேட்கிறார். மூன்று பலகை. நடுவில் பிள்ளையோடு மாதா, இடப்பக்கம் ஒரு புனிதர், வலப்பக்கம் முழங்காலில் நின்று கும்பிடும் ஒரு பெண். அந்தக் காலத்தில் படம் செய்வித்தவர்களையும் ஓரத்தில் வரைந்துவிடுவார்களாம். அந்தப் பெண்ணின் முகத்தை எடுத்துவிட்டு, போன வருசம் தவறிப்போன தன் மனைவி பிலோமினா டீச்சரின் முகத்தை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவ்வளவுதானாம்!

இருக்கிற ஒரே போட்டோ யாரோ வீட்டுக் கலியாணத்தில் எடுத்தது. முகம் பெருவிரல் நகத்தளவு.

ஆகஸ்ட் 5

மூக்கு பெரிசாம்.

ஆகஸ்ட் 6

மூக்கு சரி. இப்போது சிரிப்பு சரியில்லை. "அவ பல்லுக் காட்டிச் சிரிக்கமாட்டா, மகள்." டிசைன் செய்யும் ஸஹீத் பன்னிரண்டு வருசமாக என்னோடு இருக்கிறான். அவனே எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தான். நானும் போயிருப்பேன், கடையில் வேறு ஆள் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஒருவழியாக மாஸ்டர் ஓம் என்றார். ஜும்ஆவுக்குக் கடை பூட்டுமுன் மூன்றையும் அடித்துவிடச் ஸஹீதிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கன்வஸ் ரோல் அதோடு முடிகிறது. முடியட்டும். அந்தப் படம் கடையை விட்டுப் போனால் போதும்.

ஆகஸ்ட் 9

மாஸ்டருக்கு முன்னாலேயே விரிச்சோம். டீச்சர்ட முகத்தில ரோசாப்பூ! எங்கட பேனர்கள்ல பொம்பிளைகள்ட முகத்துக்குப் பதிலாப் போடுறமே, அதே சிவத்தப் பூ.

"அப்ப மாதாட முகத்த மட்டும் ஏன்டா விட்டாய்?" எண்டு ஸஹீதக் கேட்டேன்.

"அது வரைஞ்ச படம் ராத்தா. இது போட்டோ. மூணு பேனர் வேலையோட இதையும் செஞ்ச, கை தன்னால போட்டுட்டு."

அல்லாஹ்வே, இவன வச்சு நான் என்ன செய்ய? ஏசினேன். நல்லா ஏசினேன்.

மாஸ்டர் ஏசவில்லை. கீழே முகம் இருக்கும் என்பது போலப் பூவை விரலால் தள்ளிப் பார்த்தார். "இவவ ஏன் மகள் மறைச்சீங்க? இவ என்ன பிழை செஞ்சவ?"



அவர் போன பிறகு ஸஹீத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "பொம்பிளைப் போட்டோ எண்டாப் பூப் போடு, ஒருத்தரையும் கேக்கத் தேவையில்ல எண்டு கடை தொடங்கின நாள் நீங்கதானே சொன்ன."

ஓம். நான்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 11

கல்முனை முழுக்கக் கன்வஸ் இல்லை. ஸஹீத் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போய் ஒரு ரோல் தூக்கிவந்தான். வலப்பக்கப் பலகையைத் திரும்ப அடித்தோம். நான் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். முதலில் முக்காடு, பிறகு நெற்றி, கண். நாடி வரும்வரை நகரவில்லை.

ஆகஸ்ட் 12

மாஸ்டர் பார்த்தார். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கன நேரம் நின்றபடியே பார்த்தார். நான் கதிரை ஒன்று எடுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 16

மாஸ்டர் கேக் கொண்டுவந்தார். திருநாள் நல்லா நடந்ததாம். கோயிலில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரிகிறதாம், சிரிப்பு இன்னும் கொஞ்சம் சரியில்லை. யா அல்லாஹ்!

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விளையாட்டுக் கழகத்து நிப்றாஸ் பேனர் அடிக்க வந்தான். எங்கள் தெருவில் கம்பஸில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளுக்கு வாழ்த்து. நாலு பொடியன்மார், இரண்டு பெண்பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் இன்ஷிரா.

ஸஹீத் நாலு பொடியன்மாரின் முகத்தையும் வைத்தான். பிறகு மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

மற்றப் பிள்ளை ஹிமாயாவுக்குப் போன் எடுத்தேன். "எனக்குப் பூவே போதும் மாமி" என்றாள். பூ வைத்தோம்.

பிறகு இன்ஷிராவுக்கு எடுத்தேன். "பேனர்ல உனக்குப் பூவா, போட்டோவா?"

ஓ.எல் ரிசல்ட் பேனர், பேச்சுப் போட்டிப் பேனர் — எல்லாவற்றிலும் அவளுக்குப் பூதான். வைத்தது நான்.

"இதுக்கு முந்தி நீங்க கேக்கவே இல்லியே உம்மா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

ஐந்து நிமிசத்தில் கடை வாட்ஸப்புக்கு மூன்று போட்டோ வந்தது. இரண்டாவதைத்தான் போட வேண்டுமாம். மற்றதுகளில் மூக்கு பெரிசாம்.