புளூடூத்துக்குத் திறக்காத கதவு

ஒக்டோபர் 14, செவ்வாய்

வலது கையில் ஏழு தையல். இடது கையால் எழுதுகிறேன்.

இன்று காலை தேயிலைக் கொழுந்து பறிக்கும் செல்வி தலையில் இரத்தத்தோடு தோட்ட அலுவலகத்தில் என் கணினி அறைக்குள் ஓடி வந்தாள். கதவைச் சாத்தினேன். பின்னாலேயே அவள் புருஷன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தான். அவன் தொழிற்சாலை ஸ்டோர் பொறுப்பாளன். அலுவலகக் கதவுகள் எல்லாம் அவன் போனுக்குப் புளூடூத்தில் திறக்கும்.

"அக்கா, தொறந்துருமா?" என்றாள் செல்வி.

வெளியே அவன் போனை அழுத்த, என் திரையில் அனுமதி மறுப்பு என்று வந்தது. மறுபடியும் மறுப்பு. புளூடூத் சேவை இந்த அறையின் பூட்டைத் தொடக்கூடாது என்று கணினியில் நான் கட்டாய விதி எழுதியிருந்தேன். எந்தக் கடவுச்சொல்லுக்கும் அது இணங்காது.

"மிஸ், அவள மட்டும் வெளிய அனுப்புங்க" என்று சொல்லிக்கொண்டே கதவுப் பலகையை வெட்டினான். செல்வியைக் கதவருகிலிருந்து நான் இழுத்தபோது, பிளவு வழியாக வந்த கத்தி என் கையைக் கிழித்தது. கொழுந்து நிறுக்க வந்தவர்கள் மண்வெட்டிக் காம்பால் அவன் முழங்காலை அடித்து உடைத்த பிறகுதான் வெட்டு நின்றது. எலும்பு முறிந்த சத்தம் உள்ளே கேட்டது.

செல்வி பதுளை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறாள்.

அந்த விதி தொந்தரவாக இருக்கிறது, எடுத்துவிடு என்று தோட்ட மேலாளர் துரை போன வாரமே சொன்னார். சரி என்றேன். எடுக்க மறந்துபோனேன்.